அரைப் புள்ளி

ஜனவரி 14

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். நீயும் உன் வீட்டுக்காரியும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் கோழி கிளறியதா என்று கேட்காதே. இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது. எங்கள் எக்ஸ்ரே அறைக் கதவுக்குள் ஈயத் தகடு வைத்திருப்பார்கள், பாறாங்கல் மாதிரி கனக்கும். அதைச் சாத்தும்போது விரல் மாட்டிக்கொண்டது. கூட வேலை செய்கிற பெண் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் விரிசல் என்றாள். ஊரார் எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இப்போதுதான் தன் எலும்பைப் பார்க்கக் கொடுத்துவைத்தது.

அத்தான் போன ஞாயிறு செஸ் போட்டிக்குப் போய்வந்தார். பல் டாக்டரிடம் தோற்றுவிட்டாராம். அதைப் பற்றி அவருக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம். கேலி செய்து எழுதவே வேண்டாம்.

உன் லேத் பட்டறையில் வேலை எப்படி? கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய். இரும்புத் தூள் கண்ணில் விழுந்தால் உன் செஸ் பலகையில் கட்டம் தெரியாது.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 23

அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். விரல் தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன், தின்றுவிட்டுத் தூங்குகிறேன். என் பெண்டாட்டி உன்னை ரொம்ப விசாரித்தாள்.

ஈயக் கதவோடு சண்டைக்குப் போனாயா? சின்ன வயதில் என்னோடு போட்ட சண்டை போதாதா? அப்போது உன்னிடம் ஒரு ஆட்டம்கூட நான் ஜெயித்ததில்லை. கல்யாணம் ஆனதும் காயைத் தொடுவதையே விட்டுவிட்டாய். நீ விட்டதால்தான் எனக்கு இந்த ஊரில் கொஞ்சம் பெயர் கிடைத்தது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

போன வாரம் மருந்துக்கடைக்காரரோடு ஆட்டம். மனுஷன் கோட்டை கட்டிக்கொண்டு உள்ளே பதுங்கினார். நான் குதிரையைக் கொடுத்துக் கதவை உடைத்தேன். அவர் ராஜாவைச் சுற்றி நின்ற சிப்பாய்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தேன். கடைசியில் ராஜா துணியில்லாமல் நடுத்தெருவில் நின்றது, ராணியை விட்டு அறுத்தேன். காயை வைத்த சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர் டீயைக் கொட்டிக்கொண்டார். நடுவர் எச்சரிக்கை கொடுத்தார். சும்மாவா எனக்குச் 'சுத்தியல்' என்று பெயர் வைத்தார்கள்?

அத்தானுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'சாது'. தோற்றாலும் காய்களை அடுக்கி வைத்துவிட்டு, கை கொடுத்து, "நல்லா ஆடினீங்க"ன்னு சொல்லிவிட்டுப் போவார். பல் டாக்டரிடம் தோற்ற அன்றும் அப்படித்தானாம். கணக்கு வாத்தியாருக்கு எங்கிருந்து வருகிறதோ அந்தப் பொறுமை. நான் தோற்றால் நாற்காலி உதை வாங்கும்.

மறக்காமல் பதில் எழுது.

உன் தம்பி

பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். எல்லோரும் நலம்தானே? எனக்கு இடது காதில் ஒரே இரைச்சல். சளி இறங்கியிருக்கும். யாராவது கூப்பிட்டால் வலது பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், நோயாளிகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

அத்தான் இந்த மாதமும் ஒரு ஆட்டம் தோற்றார். ஜெயித்தவன் கல்லூரிப் பையனாம். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. அவர் சத்தம் போடுகிறவர் இல்லை, உனக்குத்தான் தெரியுமே.

ஒரு காரியம் உன்னிடம் ஆக வேண்டும். மண்டலப் போட்டியின் கடைசிக் கட்டத்தில் நீங்கள் இரண்டு பேரும் இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். உனக்கும் அவருக்கும் என்றைக்கு ஆட்டம் என்று தெரிந்ததும் எனக்கு எழுது. அவரிடம் கேட்டால் எதற்கு என்பார். முன்கூட்டியே எழுது.

காய்ச்சல் காலம், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

அக்கா

பிப்ரவரி 27

அக்காவுக்கு,

வணக்கம். இங்கே காய்ச்சல் யாருக்கும் இல்லை. உன் காதுக்குத்தான் டாக்டரைப் பார்.

உன் இரண்டு கடிதத்தையும் என் பெண்டாட்டி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். பிறகு என் சட்டையை எடுத்து என் மேல் போட்டாள். "கிளம்புங்க. பஸ் ஏறிப் போய் உங்க அக்காவைப் பார்த்துட்டு வாங்க"ன்னாள். பட்டறையில் பம்பு ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது, போட்டி முடியட்டும் என்றேன். அவள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அவள் சொன்ன பிறகு எனக்கும் மண்டை குடைகிறது. பல் டாக்டரிடம் அவர் தோற்ற வாரம் உன் விரல். கல்லூரிப் பையனிடம் தோற்ற மாதம் உன் காது. நேராகவே கேட்கிறேன். அத்தான் உன்னைக் கை நீட்டி அடிக்கிறாரா?

சாதுவா, இப்படியா என்று மனசு அடித்துக்கொள்கிறது. இல்லை என்றால் இல்லை என்று எழுது. நான் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். உடனே எழுது.

உன் தம்பி

மார்ச் 26

தம்பிக்கு,

நலம். உங்கள் இருவருக்கும் என் அன்பு.

கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று கோபப்படாதே. அந்த மாதிரி எதையும் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. இனி ஆஸ்பத்திரி விலாசத்துக்கு எழுது, எக்ஸ்ரே பிரிவு என்று போட்டால் போதும், தலைமை நர்ஸ் வாங்கி வைத்துவிடுவார். நல்ல மனுஷி. சில நாள் அவர் அறையில் தங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

தேதியை மட்டும் எழுது. வேறொன்றும் வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

வணக்கம். நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ இல்லை என்று எழுதாததே எனக்குப் பதில்.

அட்டவணை வந்துவிட்டது. எட்டுப் பேர், எல்லோரோடும் எல்லோரும் ஆட வேண்டும். தேதி எழுதமாட்டேன். தெரிந்தால் அன்று முழுக்க நீ வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அந்த ஆளைப் பலகையில் நார் நாராகக் கிழிக்க வேண்டும் என்று எனக்குக் கை துடிக்கிறது. ஆனால் நீ எதற்குத் தேதி கேட்கிறாய் என்று புரிந்துகொண்டேன். தம்பி, பார்த்து ஆடு என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதானே? நான் பார்த்துக்கொள்கிறேன். நீ நிம்மதியாக இரு.

உன் தம்பி

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

வணக்கம். காது எப்படி இருக்கிறது? முடிந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேற்று கடைசிச் சுற்றில் எனக்கும் அவருக்கும் ஆட்டம்.

நான் வெள்ளை. அவர் எதிரே உட்கார்ந்ததும் முதலில் அவர் வலது கையைத்தான் பார்த்தேன். விரல் முட்டிகளில் தோல் உரிந்து பக்கு கட்டியிருந்தது. பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நடுவர் கடிகாரத்தை அமுக்கியதிலிருந்து நான் ஆடவில்லை அக்கா, வெட்டினேன். அவர் குதிரைகள் இரண்டும் போயின. அவர் ராணியைத் துரத்தித் துரத்தி மூலையில் தள்ளினேன். அவரும் சும்மா இல்லை, என் ராஜாவின் கழுத்துவரை வந்து என் சிப்பாய்களைத் தின்றார். பலகை இறைச்சிக்கடை மாதிரி ஆகிவிட்டது. சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அவர் முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

நாற்பது நகர்த்தல் தாண்டியபோது பார்த்தேன். என் யானையை அவர் ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் கொண்டுபோய்ச் சும்மா கொடுத்துவிட வேண்டும். ராஜா அதை வெட்டியே ஆக வேண்டும். வெட்டினால் என் ராணி உள்ளே இறங்கும், நாலே நகர்த்தலில் மேட். சட்டென்று யார் கண்ணிலும் படாது. ஜெயித்திருந்தால் கப் எனக்கு. இருபது வருஷமாக நான் நாய் மாதிரி அலைந்த கப்.

யானை மேல் விரலை வைக்கப் போனேன். உன் விரல் ஞாபகம் வந்தது. கையை எடுத்து ராணியால் ஒரு செக் வைத்தேன். அவர் ராஜாவை நகர்த்தினார். திரும்பச் செக். அவர் பழைய இடத்துக்கே வந்தார். அதே நிலை மூன்று தடவை வந்தால் டிரா, ஆளுக்கு அரைப் புள்ளி. மூன்றாவது தடவை நடுவரைக் கூப்பிட்டேன்.

"இவ்வளவுதானா மாப்பிள்ளை?" என்றார்.

"இவ்வளவுதான் அத்தான்."

கை கொடுத்தார். கொஞ்சம் அழுத்தமாகவே கொடுத்தார். எனக்கு அரைப் புள்ளி குறைந்து கப் பல் டாக்டருக்குப் போய்விட்டது. போகட்டும். அவர் தோற்கவில்லை, அது போதும். உனக்காகத்தான் அக்கா. உன் மேல் ஒரு கீறல் விழாமல் இருந்தால் அதுதான் எனக்குக் கப்.

ஒரு வரி எழுது.

உன் தம்பி

மே 6

அன்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

நலமாக இருக்கிறீர்களா? உங்கள் வீட்டில் தங்கை நலமா? இங்கு உங்கள் அக்காவுக்குத்தான் சற்று உடம்பு சரியில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் விலாவில் அடி. வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓய்வில் இருக்கிறாள். வேளாவேளைக்கு மருந்து கொடுத்து வருகிறேன். கவலைக்கு இடமில்லை.

நம் ஆட்டத்தை வீட்டுக்கு வந்ததும் பலகையில் திரும்ப வைத்துப் பார்த்தேன். உங்கள் யானையை என் ராஜாவுக்குப் பக்கத்தில் கொடுத்திருந்தால் நான்கு நகர்த்தலில் நான் முடிந்திருப்பேன். எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது முழுக்க ஆனது. உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதே என் கேள்வி.

வகுப்பில் விடை தெரியாமல் தப்பாக எழுதுகிறவனை நான் கோபிப்பதில்லை. விடை தெரிந்தும் வேண்டுமென்றே தப்பாக எழுதிக் கொடுக்கிறவன் என்னைக் கேலி செய்கிறான். இருபது வருஷம் எதிரும் புதிருமாக உட்கார்ந்தவர்கள் நாம். எனக்குப் பிச்சை போட்டீர்களா என்று தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு உண்டு.

பார்த்தீர்களா, பார்க்கவில்லையா? ஒரு வரி போதும். உங்கள் பதில் வரும்வரை பலகையைக் கலைக்கப் போவதில்லை.

தங்கைக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
அத்தான்

மே 10

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நாங்கள் நலம்.

சத்தியமாக நான் பார்க்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் தலையில் அடித்துக்கொண்டேன். எனக்கு எப்போதும் அடிதடி ஆட்டம்தான், உங்கள் அளவுக்குக் கணக்கு வராது. அது நேர்மையான டிரா.

அக்காவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி

மே 29

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். மூச்சை இழுத்தால் விலா குத்துகிறது. மற்றபடி சுகம். நர்ஸுகள் விடுதியில், தலைமை நர்ஸின் அறையில் இருக்கிறேன். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு பாய் விரிக்க இடம் இருக்கிறது. பாயில் நீட்டிப் படுத்துத் தூங்குகிறேன்.

நீ பிப்ரவரியில் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம், அடிப்பார். சத்தம் போடமாட்டார் என்று எழுதினேனே, அது பொய்யில்லை. வாட்சைக் கழற்றி, வாரை மடித்து, அலமாரியின் மேல் வைப்பார். பிறகு அடிப்பார். விரலைக் கதவு நசுக்கவில்லை, அவர் பின்பக்கமாக மடக்கினார். காதில் விழுந்தது ஒரே அறைதான். ஜெயித்தால் ஒன்றும் இல்லை. வரும்போது பழம்கூட வாங்கி வருவார்.

எதற்குத் தேதி கேட்டேன் தெரியுமா? அன்று வீட்டில் இல்லாமல் இருப்பதற்கு. தலைமை நர்ஸிடம் சொல்லி வைத்திருந்தேன், என்றைக்கு என்று தெரிந்தால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று. பல் டாக்டரிடம் தோற்பதும் என் தம்பியிடம் தோற்பதும் அவருக்கு ஒன்றில்லை. அன்றைக்கு உயிரோடு விடுவாரா என்ற பயம் எனக்கு. உன்னிடம் விட்டுக்கொடுக்கச் சொல்லி நான் எப்போதடா கேட்டேன்? தேதியைக் கேட்டேன். நீயாக ஒன்றை நினைத்துக்கொண்டு, பெரிய தியாகம் செய்து, முடிவை எழுதி அனுப்பினாய். அது ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் வீட்டில் தரையில் கிடந்தேன்.

அன்று அவர் வந்ததும் பலகையைத்தான் எடுத்து வைத்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு காயை எடுத்து வைத்தார், சிரித்தார். பிறகு வாட்சைக் கழற்றினார். இந்தத் தடவை காலால் உதைத்தார். டிரா என்றால் பாதி அடி விழும் என்று கணக்குப் போட்டாயா தம்பி? கேவலம் ஒரு அரைப் புள்ளியைக் கொடுத்து என் உடம்பை வாங்கிவிடலாம் என்று உனக்கு எப்படித் தோன்றியது? எனக்கு அவர் மேல் இருக்கிற கோபத்தில் கொஞ்சம் உன் மேலும் இருக்கிறது. அது போக நாளாகும்.

நீ அவருக்கு எழுதிய பதில், போட்ட மூன்றாம் நாள் வந்தது. அடுத்த ஞாயிறு காலை அவருடைய பள்ளிக்கூடச் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பலகை அதே நிலையில் மேஜை மேல் இருந்தது.

"வா, உட்காரு. நீ உன் தம்பி பக்கம் ஆடு" என்றார்.

"நான் ஆடி எத்தனை வருஷம் ஆச்சு?"

"மறந்தா போயிருக்கும்? உனக்கே தெரிஞ்சா அவனுக்குத் தெரியாம இருக்குமா, அதைத்தான் பார்க்கணும்."

உட்கார்ந்தேன். உட்காருவதற்கு முன்னாலேயே எனக்கு அந்த யானை தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரி ராணியைத் தூக்கி ஒரு செக் வைத்தால் போதும். அவருக்கு மனசு ஆறும், உன் பொய் நிற்கும், என் விலா பிழைக்கும். பதினோரு வருஷமாக அந்த வீட்டில் அந்த ஆட்டம்தான் ஆடுகிறேன், தெரிந்ததைத் தெரியாத மாதிரி. அன்று என்னால் முடியவில்லை. வீரம் எல்லாம் ஒன்றும் இல்லை. அலுத்துவிட்டது. யானையை எடுத்து அவர் ராஜாவின் பக்கத்தில் வைத்தேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே வெட்டினார். ராணியை இறக்கினேன். நாலாவது நகர்த்தலில் "மேட்" என்று நானே சொன்னேன். எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா, அந்தச் சொல்?

எழுந்தார். வாட்சைக் கழற்றி வைத்தார். கையை ஓங்கினார். நான் இஸ்திரிப் பெட்டியை எடுத்து அந்தக் கை மேலேயே போட்டேன். மணிக்கட்டில் சத்தம் கேட்டது. கீழே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவரின் அதே கை மேல் இன்னொரு தடவை போட்டேன். முதல் அடி என்னைக் காப்பாற்றிக்கொள்ள. இரண்டாவது அப்படி இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே என்று இப்போது பயமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் மறைக்கமாட்டேன்.

நானேதான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஞாயிறு எக்ஸ்ரேவுக்கு ஆள் கூப்பிட்டால் வர வேண்டியவள் நான். விடுப்பில் இருந்தாலும் அன்று வேறு ஆள் இல்லை. அவர் கையை மேஜை மேல் நானே நீட்டி வைத்தேன். இழுத்துக்கொள்ளப் பார்த்தார். "அசைக்காதீங்க, படம் கலங்கிடும்" என்றேன். எல்லா நோயாளிக்கும் சொல்வதுதான். இரண்டு இடத்தில் முறிவு, சுத்தமாகத் தெரிந்தது.

எலும்பு டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டார். "படியில தடுக்கி விழுந்துட்டேன் சார்" என்றார் உன் அத்தான், அதே சாந்தமான குரலில்.

"இல்ல சார், நான்தான் அடிச்சேன். எதுக்குன்னு என் விலாவையும் படம் எடுத்துப் பாருங்க" என்றேன்.

டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எதை எழுதட்டும்மா?"

"நான் சொன்னதை எழுதுங்க."

எழுதினார். அதற்காகப் போலீஸ் வந்து கேட்டால் எல்லாவற்றையும் சொல்வேன். இரண்டாவது அடியையும் சொல்வேன்.

வருகிற ஞாயிறு என் துணிமணிகளையும் சான்றிதழ்களையும் எடுக்க அந்த வீட்டுக்குப் போகிறேன். அவர் இருப்பார், கட்டோடு. தனியாகப் போக எனக்குப் பயம். இந்தத் தடவை பம்பு ஆர்டர் என்று சொல்லாமல் பஸ் ஏறி வந்து சேர். அவரோடு பேசாதே, கை ஓங்காதே. நான் பெட்டி கட்டி முடிக்கிறவரை அவர் எதிரே உட்கார்ந்திரு. அது உனக்குப் பழக்கமான வேலைதானே. நல்லபடியாகப் பேசுவார், அழுதாலும் அழுவார், சமாதானமாகப் போய்விடலாம் மாப்பிள்ளை என்பார். நீ தலையை ஆட்டிவிடாதே.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. நீ வராவிட்டால் அவளை அனுப்பு.

அக்கா